கடைசிச் சொட்டு

போன வாரம் எங்கள் பழைய ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவள், நான் பார்த்ததில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

"சார், உங்க சாயத்தை வெச்சு செல்லை அளக்கிற முறையில கடைசியா ஒரு சொட்டு போடணும்னு இருக்கு இல்ல, அதை எடுத்துடலாமா? புது மெஷின் தானே எல்லாத்தையும் சரி பண்ணி நம்பர் குடுத்துடுது. அந்தச் சொட்டால நல்ல செல்லெல்லாம் செத்து வீணாப் போகுது சார்."

"எடுக்கக் கூடாது" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அடுக்களையிலிருந்து என் மனைவி மல்லிகா எட்டிப் பார்த்தாள்.

"ஏன் சார்?"

அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. ஊருக்குக் கிளம்பினால் கேஸை மூடினோமா என்று வேப்பம்பட்டு ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கிற ரகம். "பயப்பட ஒண்ணும் இல்லன்னா, ஏன் ஒண்ணும் இல்லன்னு அதுக்கும் பயப்படுவீங்க" என்பாள் மல்லிகா. இப்படிப்பட்ட ஆள் வேதியியல் ஆராய்ச்சியில் எப்படிக் காலம் தள்ளினான் என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே எனக்குச் சம்பளம் கொடுத்ததே பாதி இந்தக் குணத்துக்காகத்தான்.

திருவள்ளூரில் பள்ளிக்கூடம், மெட்ராஸில் காலேஜ், பாஸ்பரஸ் சேர்மங்களில் டாக்டர் பட்டம். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல, உடம்பெல்லாம் வீசிய பாஸ்பீன் நாற்றத்தைத் தவிர எதுவும் இல்லை. பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்னத் தனியார் ஆய்வகத்தில் வேலை. ஒரு பக்கம் இரும்பு ரோலிங் மில், இன்னொரு பக்கம் பெயிண்ட் கம்பெனி. ஜன்னலைத் திறந்தால் தூசு, திறக்காவிட்டால் புழுக்கம். நோய்களை ஆராய்கிறவர்களுக்குக் கருவி செய்து கொடுப்பது எங்கள் தொழில். கருவி என்றதும் இரும்புச் சாமானை நினைத்துவிடாதீர்கள். சிட்டிகை அளவு சிவப்புத் தூள், அவ்வளவுதான்.

நம் உடம்பின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று பொடிப் பொடியாக இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து சக்தி எடுத்துக் கொடுக்கும் அடுப்பு அது. அடுப்பு எரிகிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? நன்றாக வேலை செய்யும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்பக்கத்தில் எதிர்மின்னழுத்தம் இருக்கும். அதனால் நேர்மின்னூட்டம் உள்ள ஒரு மூலக்கூறைக் கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு செய்து அனுப்பினால், சவ்வுகளைத் தாண்டி நேரே அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும். அந்த மூலக்கூறோடு ஒளிரும் சாயத்தையும் பிணைத்துவிடுவோம். அடுப்பு நன்றாக எரிந்தால் சாயம் நிறையச் சேரும், நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும். அடுப்பு மந்தமானால் சாயம் குறைவு, வெளிச்சமும் குறைவு. என் வாழ்நாள் முழுக்கச் செய்தது இதைத்தான்.

அந்தச் சாயம் கையில் பட்டால் லேசில் போகாது. பனியன், கைக்குட்டை, வாட்ச் வார் எல்லாம் ரோஸ் நிறம். கல்யாணமான புதிதில் மல்லிகா, "இன்னிக்கு எந்த முறைப்பொண்ணு தண்ணி ஊத்துனா?" என்று தினமும் கேட்டு என் மானத்தை வாங்கினாள்.

எங்கள் தலைவி டாக்டர் சுகுணா. குள்ளமான உருவம், மெல்லிய வாயல் புடவை, முழங்கை வரை சுருட்டிய வெள்ளைக் கோட். யாராவது ஒரு முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் படத்தை உடனே பார்க்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நாம் சொல்வதைக் கேட்பார். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி. இது பொய்யா இருக்கணும்னா என்ன நடந்திருக்கணும், குமரேசன்?" என்பார். பதில் தெரியாவிட்டால் அவர் தன் வேலையைப் பார்ப்பார், நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அவர் என்னைத் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் தேவலையே என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

கடைசிச் சொட்டு அவர் போட்ட சட்டம். சாயம் ஏற்றிய செல்களைப் படம் எடுத்து முடித்ததும் அதே தட்டில் ஒரு மஞ்சள் திரவத்தைச் சொட்டு விட வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தை அது ஒரேயடியாக இறக்கிவிடும். அழுத்தம் போனால் சாயம் வெளியே கசியும், வெளிச்சம் குறைய வேண்டும். குறைந்தால் நாம் பார்த்தது நிஜமாகவே மின்னழுத்தத்தைத்தான் என்று அர்த்தம். குறையாவிட்டால் நாம் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். சொட்டை நடுவில் விட்டால் செல்கள் பெயர்ந்துவிடும். பிப்பெட் குழாயின் நுனியைத் தட்டின் ஓரச் சுவரில் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நழுவ விட வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர் லாரிகள் கடந்தால் எங்கள் நுண்ணோக்கி மேஜை அதிரும். அதனால் ட்ரெய்லர் சத்தம் தேய்கிற வரை காத்திருந்து விடுவோம். சொட்டு விழுந்த தட்டு அதோடு தீர்ந்தது, செல்கள் பிழைக்காது. "சொட்டு போடாத படம் எனக்குப் படமே இல்ல" என்பார் டாக்டர் சுகுணா.

அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை அவரே தளர்த்தினார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் கம்பெனி வேன் டிரைவர் ஆரோக்கியம். திருநின்றவூர் பக்கத்துக் காலனிக்காரர். அவர் அப்பா காலத்தில் நெல்வயலில் கூலி வேலை. வயலெல்லாம் பிளாட் ஆனதும் இவர் ஸ்டியரிங் பிடித்துவிட்டார். காலையில் வேப்பம்பட்டில் என்னை ஏற்றிக்கொண்டு, திருநின்றவூரில் பானுவை ஏற்றிக்கொண்டு, பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி வருவார். பானு செல்களை வளர்க்கிறவள், துடுக்கான பெண். ஆரோக்கியத்தின் மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது பள்ளிக்கூடம் சேர்க்கிற வயது. அந்தக் குழந்தைக்கு வலிப்பு வர ஆரம்பித்திருந்தது. மருந்து மாற்றி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை.

சென்னையில் அவளைப் பார்த்த குழந்தை நரம்பு டாக்டருக்கு கொடுத்துப் பார்க்க ஒரு பழைய வலிப்பு மருந்து மட்டும்தான் மிச்சமிருந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது நல்ல மருந்து. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு வகைப் பிறவிக் கோளாறு இருக்கும் குழந்தைக்கு அதைக் கொடுத்தால் ஈரல் போய்விடும், உயிருக்கே ஆபத்து. ஸ்டெல்லாவுக்கு அந்தக் கோளாறு இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பியிருந்தார். அந்த முடிவு வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும், வலிப்போ காத்திருக்காது.

அவர் எங்களோடு ஏற்கெனவே ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். குழந்தையின் கையிலிருந்து எடுத்த தோல் துணுக்கைப் பெற்றோர் சம்மதத்தோடு எங்களுக்கு அனுப்பி, செல்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். டாக்டர் சுகுணா தயங்கினார். "எங்களுது ஆராய்ச்சிக் கருவி டாக்டர். தீர்ப்பு சொல்ற கருவி இல்ல." "எனக்குத் தீர்ப்பு வேணாம் மேடம், ஒரு குறிப்பு கிடைச்சாப் போதும்" என்றார் அவர்.

ஆரோக்கியத்துக்கு இது தெரியாமல் இருக்குமா? நான் முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்காருகிறவன். முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"சார், பாப்பா தோலு நம்ம கம்பெனிக்குத்தான் வந்துகீதாமே. இன்னா சார் தெரியும் அதுல?"

"அது ஆராய்ச்சிக்கு ஆரோக்கியம். நோய் இருக்கா இல்லையான்னு அது சொல்லாது."

"பின்ன இன்னாத்துக்கு சார் பச்சக் கொயந்த கைய கீறுனாங்கோ?"

தினமும் அவர் கேட்பார், தினமும் நான் செல் வளருது, வளருது என்பேன். ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டு என் முகத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தார். அது இன்னும் மோசம்.

தோலிலிருந்து செல் வளர்ப்பது சுலபமில்லை. மழைக்காலம் வேறு. பானு வளர்த்த குடுவைகளில் பூஞ்சை விழுந்து ஒவ்வொன்றாகக் கொட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு தட்டு. அதையும் படம் எடுத்ததும் கழுவித் திரும்ப வளர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், வேறு ஒரு பரிசோதனைக்கு. சொட்டு போட்டால் அது நடக்காது, குழந்தையின் கையை மறுபடி கீற வேண்டும். பானு கெஞ்சினாள். டாக்டர் சுகுணா வெகுநேரம் யோசித்துவிட்டு, "இந்தத் தட்டுக்கு மட்டும் சொட்டு வேணாம்" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பயன்படுத்தியது என் புதுச் சாயம். பழைய சாயத்தைவிட எண்ணெய்ப் பசை கூடியது, இன்னும் வேகமாக உள்ளே போகும். ஆய்வகத்தில் வழக்கமாக வளர்க்கும் முரட்டுச் செல்களில் அதைப் பலமுறை சோதித்து, சொட்டு போட்டு, ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் ஒழுங்காகக் குறைவதைப் பார்த்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை படம் எடுத்தோம். நோய் இல்லாத இன்னொரு குழந்தையின் தோல் செல்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைத்திருந்தோம். அவை நன்றாகத்தான் ஒளிர்ந்தன. ஸ்டெல்லாவின் செல்கள் அவற்றைவிடப் பளிச்சென்று இருந்தன. பானு துள்ளினாள். டாக்டர் சுகுணா போனில் குழந்தை டாக்டருக்குச் சொன்னார், இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார். குழந்தைக்கு முந்தின நாளும் இரண்டு மூன்று தடவை வலிப்பு வந்திருந்தது. திங்கட்கிழமை அட்மிட் செய்து மருந்தைத் தொடங்குகிறேன் என்றார் அவர்.

ஆரோக்கியத்திடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. வேனில் ஏறி உட்கார்ந்த பானுவால் அடக்க முடியவில்லை.

"அண்ணா, உங்க பாப்பாவோட செல்லு சும்மா பளபளன்னு இருக்குண்ணா!"

ஆரோக்கியம் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார். "ஏ லூர்து, பாப்பாக்கு ஒண்ணும் இல்லியாம். ஆமாண்டி, குமரேசன் சாரு பக்கத்துலதான் கீறாரு." நான் என்ன செய்ய? தலையை ஆட்டிவைத்தேன்.

ஞாயிறு முழுக்க எனக்கு ஏதோ சரியில்லை. "என்னத்தைத் தொலைச்சீங்க?" என்றாள் மல்லிகா. எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு. நோயாளிக் குழந்தையின் செல், நல்ல குழந்தையின் செல்லைவிட ஏன் அதிகமாக ஒளிர வேண்டும்? சமமாக இருந்தால் சரி. கூடுதலாக ஏன்? சரி, உன் வழக்கமான பயம்டா இது என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆரோக்கியம் லீவு, குழந்தையோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். வேறு ஒரு டிரைவர் கொண்டுவந்து விட்டார். போனதும் சாயம் வைத்திருந்த பழைய புட்டியைக் கழுவப் போனேன். அடர்த்தியான கரைசல் புட்டிக்குள் இருக்கும்போது அழுக்குச் சிவப்பாக, செத்த நிறமாக இருக்கும். குழாயைத் திறந்ததும் நீர் கலந்து, தொட்டி முழுக்க ஆரஞ்சு வெளிச்சம் குப்பென்று எழும்பும். சாயம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும், விலகினால்தான் ஒளிரும். நான் ஆயிரம் தடவை பார்த்த காட்சி. அன்றைக்குப் பார்த்ததும் குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

தோல் செல்கள் என் முரட்டுச் செல்கள் மாதிரி இல்லாமல், புதுச் சாயத்தை அளவுக்கு மீறி உறிஞ்சியிருந்தால்? நல்ல குழந்தையின் மைட்டோகாண்ட்ரியாவில் சாயம் அடைத்துக்கொண்டு, அதனால் மங்கித் தெரிந்திருந்தால்? ஸ்டெல்லாவின் மைட்டோகாண்ட்ரியா சோர்ந்திருப்பதால் சாயம் கொஞ்சமாகச் சேர்ந்து, அதனாலேயே பளிச்சென்று இருந்தால்? அப்படியானால் நாங்கள் சனிக்கிழமை எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்திருக்கிறோம்.

ஈரக் கையோடு டாக்டர் சுகுணாவின் அறைக்கு ஓடினேன். கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடிக் கேட்டார். வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை. பதிலைத்தான் நான் கொண்டுபோயிருந்தேனே.

"நல்ல குழந்தை செல்லு எத்தனை தட்டு இருக்கு?"

"ரெண்டு மூணு இருக்கு மேடம்."

"ஒண்ணு எடுங்க. சொட்டு போடுங்க."

பானு தட்டைக் கொண்டுவந்தாள். அதே அளவு சாயம், அதே நேரம் ஊற வைத்தோம். ட்ரெய்லர் ஒன்று கடக்கக் காத்திருந்து ஓரச் சுவரில் சொட்டை விட்டேன். திரையில் வெளிச்சம் குறைய வேண்டும். குறையவில்லை. குழாய்த் தொட்டி மாதிரியே குப்பென்று ஏறியது. ஏறி நின்று, அப்புறம்தான் மெல்ல இறங்கியது.

பானு வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, ஆரோக்கியம் அண்ணன் கிட்ட..." என்றாள்.

டாக்டர் சுகுணா அதற்குள் போனை எடுத்திருந்தார். குழந்தை டாக்டர் ரவுண்ட்ஸில் இருந்தார், எடுக்கவில்லை. வார்டு நம்பர் எந்நேரமும் பிஸி.

"மேடம், நான் ஆரோக்கியத்துக்கே போன் பண்ணி மருந்தை நிறுத்தச் சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்வீங்க? எங்களுக்குத் தெரியலன்னா? டாக்டர் வேற வழியில்லாமதான் இந்த மருந்துக்கு வந்திருக்கார். குழந்தை வலிப்புல கிடக்கு. நமக்குத் தெரியலங்கிறதுக்காக அவர் நிறுத்த மாட்டார், நிறுத்தவும் கூடாது." குரல் உயரவில்லை. கை மட்டும் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது. "பானு, பாப்பாவோட தட்டைக் கொண்டா."

"மேடம், அது ஒண்ணுதான் இருக்கு. கழுவி இப்பதான் கொஞ்சம் தேறி வருது. செத்துடும் மேடம். திரும்ப அந்தக் குழந்தையைக் கீறணும்."

"தெரியும்மா. கொண்டா."

பானு அழுதுகொண்டே போய்க் கொண்டுவந்தாள். மறுபடி சாயம் ஏற்றி ஊற வைத்தோம். நான் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தேன். இந்நேரம் கொடுத்திருப்பார்களா, சாப்பிட்ட பிறகு கொடுப்பார்களா, காலையிலேயே கொடுத்து முடித்திருப்பார்களா? டாக்டர் சுகுணா போனில் ரீடயல் அழுத்திக்கொண்டே இருந்தார். நான் எல்லா சாமியையும் கூப்பிட்டேன், மாதாவையும் சேர்த்து.

தட்டு தயாரானது. சனிக்கிழமை போலவே பளிச்சென்று. பிப்பெட்டை எடுத்தேன். "நான் போடட்டுமா குமரேசன்?" என்றார் டாக்டர் சுகுணா. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விட்டேன்.

ஏறட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஏறினால் உள்ளே சாயம் நிறைய இருக்கிறது, குழந்தையின் அடுப்பு நன்றாக எரிகிறது. வெளிச்சம் கொஞ்சங்கூட ஏறவில்லை. சொட்டு பட்டதும் சரசரவென்று இறங்கி, மங்கி, இருட்டாகிவிட்டது. உள்ளே கொஞ்சம்தான் இருந்திருக்கிறது.

"ஒரு தட்டை வெச்சு நிரூபணம்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர் சுகுணா. "ஆனா நிறுத்தி வைக்க இது போதும். இப்பப் பண்ணுங்க போன்."

ஆரோக்கியம் முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், சொல்லுங்க சார்!" குரலில் அவ்வளவு உற்சாகம்.

"மருந்து குடுத்துட்டாங்களா ஆரோக்கியம்?"

"இன்னும் இல்ல சார். தோ, நர்ஸம்மா ஊத்திக்கினு கீறாங்க. இன்னா சார்?"

"குடுக்க வேணாம்னு சொல்லுங்க. டாக்டர் வர்ற வரைக்கும் நிறுத்தச் சொல்லுங்க."

"இன்னா சார் சொல்றீங்க?"

"நாங்க அன்னிக்குப் பாத்தது தப்பு ஆரோக்கியம். நல்லா இருக்குன்னு சொன்னது தப்பு. அந்த மருந்து பாப்பாவுக்கு ஆகாது."

அவருக்குப் பின்னால் நர்ஸின் குரல், டாக்டர் எழுதிக் கொடுத்ததை நான் எப்படிங்க நிறுத்துறது, தள்ளுங்க என்றது. குழந்தை சிணுங்கியது. பிறகு ஆரோக்கியத்தின் குரல், எனக்கு இல்லை, அந்தப் பக்கம் பார்த்து.

"கிட்ட வராதம்மா! நான் பெத்த பொண்ணு, நான் சொல்றேன். அவ வாயில வெக்காத!"

ஏதோ கீழே விழுந்து உருண்டது. போன் கட்டாகிவிட்டது.

திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். பானு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் சுகுணாவின் போன் அடிக்கிற வரை நாங்கள் பட்ட பாடு எந்த எதிரிக்கும் வேண்டாம்.

குழந்தை டாக்டர்தான். எடுத்ததும் கோபம். வார்டில் ரகளை, ஒரு தகப்பன் நர்ஸ் கையிலிருந்து மருந்தைத் தட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், உங்கள் ஆள் போன் செய்தாராமே என்று கத்தினார். டாக்டர் சுகுணா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் அவர், "நிறுத்திடறேன் மேடம்" என்றது எனக்கே காதில் விழுந்தது. ஒரு வேளை மருந்து உள்ளே போயிருந்தாலும் அநேகமாக எதுவும் ஆகியிருக்காது, நாளாக நாளாகத்தான் ஆபத்து என்றும் சொன்னாராம். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

வாரங்கள் கழித்து மரபணு முடிவு வந்தது. டாக்டர் சந்தேகப்பட்ட அதே கோளாறு. அதோடு விடை தெரிந்துவிட்டதால் குழந்தையின் கையை மறுபடி கீற வேண்டியிருக்கவில்லை. அந்தப் பழைய மருந்தை ஸ்டெல்லாவின் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். வேறு மருந்துகளைக் கலந்து கொடுத்து, சாப்பாட்டை மாற்றி, எப்படியோ வலிப்பைக் குறைத்தார்கள். முழுக்க நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது என்றார்கள். இன்றைக்கு ஸ்டெல்லா பெரிய வகுப்பு படிக்கிறாள். நடை கொஞ்சம் தள்ளாடும், பார்வை கொஞ்சம் மங்கல், வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். ஆரோக்கியத்தின் நம்பர் போனில் ஒளிர்ந்தால் இப்போதும் எனக்கு ஒரு நிமிஷம் எடுக்கக் கை வராது.

புதுச் சாயத்தின் அளவை வெகுவாகக் குறைத்து, ஒவ்வொரு வகைச் செல்லிலும் முதலிலிருந்து சோதித்து எழுதினோம். அந்தப் பெண் எடுத்துவிடலாமா என்று கேட்ட வரி, எந்தத் தட்டுக்கும் விலக்கு கிடையாது என்று டாக்டர் சுகுணா அப்போது தன் கையாலேயே சேர்த்தது. மெஷின் நம்பர் கொடுக்கும்தான். அந்த நம்பர் நேராக நிற்கிறதா, தலைகீழாகத் தொங்குகிறதா என்று மெஷினுக்குத் தெரியாது.

அந்த நாட்களில், குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஆரோக்கியம் வேலைக்குத் திரும்பினார். பழையபடி முன் சீட்டில் அவர் பக்கத்தில் நான். பானு அன்று வரவில்லை. அவர் நன்றி என்று எதுவும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. திருநின்றவூர் தாண்டியதும் நானே தொடங்கினேன்.

"அந்தச் சனிக்கிழமை உங்ககிட்ட யாரும் எதையும் சொல்லியிருக்கக் கூடாது ஆரோக்கியம். ஆசை காட்டி மோசம் பண்ணின மாதிரி ஆயிடுச்சு."

"அப்டி சொல்லாதீங்க சார்." அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஞாயித்துக்கெயம லூர்து கோயி வாங்கியாந்து கொயம்பு வெச்சா. பாப்பாவ மடில வெச்சிக்கினு ஊட்னா. ஊட்டிக்கினே பாடுனா சார். எங்க கண்ணாலத்துக்கு முன்னாடி கோயில்ல பாடுவா, நல்ல கொரலு. பாப்பாக்கு வலிப்பு வந்ததுலேந்து வாயே தொறக்கல. அன்னிக்கு ஊடு முச்சூடும் கேட்டுச்சு."

கியர் மாற்றினார்.

"நீங்க போன் பண்ணதுலேந்து திரும்பப் பாடல சார்."